ஐ.சி.டி. பொருத்துவதற்குப் பதிலாக வீட்டில் ஒரு ஏ.இ.டி. வாங்கி வைத்தால் போதாதா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 61 வயது. மின்வாரியத்தில் ஒயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற ஐப்பசியில் அவருக்குக் கடுமையான மாரடைப்பு வந்தது. வாயுப் பிடிப்பு என்று எண்ணிக் கசாயம் குடித்துப் படுத்துவிட்டதால், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பல மணி நேரம் கடந்துவிட்டது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் தை மாதம் எடுத்த எக்கோவில் இதயத்தின் பம்பிங் அளவு 28 சதவீதம்தான் என்று வந்திருக்கிறது. துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிர் போகும் வாய்ப்பு இருப்பதால், அப்போது உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. என்னும் கருவியைத் தோளெலும்புக்குக் கீழே பொருத்திவிடலாம் என்று மருத்துவர் சொல்கிறார்.

அப்பா மறுக்கிறார். அவருக்கு இதுவரை மயக்கமோ படபடப்போ வந்ததில்லை. காலையில் நடக்கிறார், கொல்லையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். "நன்றாக இருக்கிறவன் நெஞ்சைக் கீறி எதற்கு மிஷின்? கரன்ட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார். என் தம்பியோ, விமான நிலையச் சுவரில் பார்த்த ஏ.இ.டி. பெட்டி (விழுந்தவரின் மார்பில் ஒட்டி வெளியிலிருந்து மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) ஒன்றை வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டால் அறுவையும் வேண்டாம், செலவும் குறையும், தேவைப்பட்டால் அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும்கூட உதவும் என்கிறான். கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துமலை எழுதியது:

அம்மா, நான் அரசு மருத்துவமனை ஒன்றின் இதயப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் தந்தையை நேரில் பாராமல் அவருக்கு இன்னதுதான் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தம்பி கேட்ட கேள்விக்கு நேரான விடை இருக்கிறது.

முதலில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். மாரடைப்பில் இறந்துபோன தசை தழும்பாக ஆறுகிறது. அந்தத் தழும்பின் ஓரத்தில் உயிருள்ள இழைகளும் இறந்த இழைகளும் பின்னிக் கிடப்பதால், இதயத்தை இயக்கும் மின் அலை நேர்வழியே போக முடியாமல் அங்கேயே வட்டமிடத் தொடங்கலாம். அவ்வாறு தொடங்கினால் கீழறை நிமிடத்துக்கு 200 முறைபோல் துடித்து, பிறகு துடிப்பே இல்லாத வெறும் நடுக்கமாகச் சிதைந்துவிடும். இரத்தம் வெளியே போகாது. சில நொடிகளில் நினைவு தப்பும். இதைத்தான் திடீர் இதய நிறுத்தம் என்கிறோம். இதற்குப் புதிதாக அடைப்பு எதுவும் ஏற்பட வேண்டியதில்லை, பழைய தழும்பே போதும். ஆகவே ஸ்டென்ட் நன்றாக வேலை செய்கிறது என்பதும், காலையில் நடக்கிறார் என்பதும் இந்த ஆபத்தை நீக்கிவிடுவதில்லை. மயக்கம் வந்ததில்லை என்பது ஆறுதலான செய்திதான், ஆனால் பலருக்கு முதல் அறிகுறியே கடைசி அறிகுறியாகவும் அமைந்துவிடுகிறது.

இனி வீட்டு ஏ.இ.டி. இந்த யோசனையை உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும், ஆனால் ஐ.சி.டி. தேவைப்படும் நிலையில் இல்லாதவர்களுமான 7,001 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு மார்பு அழுத்தப் பயிற்சியும் அவசர அழைப்புக்கான அறிவுரையும் மட்டும் தரப்பட்டன. மறு பாதியினருக்கு இவற்றோடு வீட்டில் ஒரு ஏ.இ.டி.யும் தரப்பட்டது. 2008இல் முடிவு வெளிவந்தது. கருவி இல்லாத பிரிவில் 228 பேர் இறந்தார்கள், இருந்த பிரிவில் 222 பேர் இறந்தார்கள். வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஏன் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். இறந்த 450 பேரில் தாறுமாறான துடிப்பால் திடீரென்று இறந்தவர்கள் 160 பேர். அவர்களில் 117 பேருக்கு அது வீட்டில் நேர்ந்தது. அந்த 117இலும் யாரோ ஒருவர் கண்ணெதிரே நேர்ந்தது 58 பேருக்கு மட்டுமே. மற்றவர்கள் தூக்கத்திலோ, குளியலறையிலோ, மனைவி கடைக்குப் போயிருந்த வேளையிலோ விழுந்தவர்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கருவி 32 பேருக்குப் பயன்படுத்தப்பட்டது, 14 பேருக்கு அது அதிர்ச்சி கொடுத்தது, 4 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். அந்த நால்வருக்கும் அது பெரிய வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், இடையில் மார்பு அழுத்தமும் இல்லையென்றால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகிறது. சுவரில் தொங்கும் பெட்டிக்குக் கண்ணும் கிடையாது, காலும் கிடையாது. விழுந்தவரை வேறொருவர் பார்க்க வேண்டும், நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும், பெட்டியை எடுத்து வர வேண்டும். அந்த வேறொருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார் என்று உங்கள் குடும்பத்தால் உறுதி சொல்ல முடியுமா?

கணக்கு_வாத்தியார் எழுதியது:

மருத்துவர் ஐயா வீட்டுப் பெட்டியின் கணக்கைச் சொன்னார். அதே கண்டிப்போடு உள்ளே வைக்கும் கருவியின் கணக்கையும் சொல்ல வேண்டும் அல்லவா? 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் இறந்தார்கள், ஐ.சி.டி. பெற்றவர்களில் 29 சதவீதம் பேர் இறந்தார்கள். விளம்பரத்தில் இதை "இறப்பு 23 சதவீதம் குறைகிறது" என்று எழுதுவார்கள். நான் இதை வேறு வகையில் படிக்கிறேன். 100 பேருக்குப் பொருத்தினால் 29 பேர் கருவி இருந்தும் ஐந்தாண்டுக்குள் இறக்கிறார்கள், 64 பேர் கருவி இல்லாவிட்டாலும் உயிரோடு இருந்திருப்பார்கள். இடையில் உள்ள 7 பேருக்காகத்தான் அந்த 100 பேருக்கும் அறுவை நடக்கிறது. அந்தப் பெரியவர் "எனக்கு எதற்கு?" என்று கேட்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அதுமட்டுமன்று, 2016இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் ஐ.சி.டி. பொருத்தியவர்களுக்கும் பொருத்தாதவர்களுக்கும் மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை என்றும் வந்தது.

மருந்துமலை எழுதியது:

உங்கள் கழித்தல் சரி. நோயாளிகளிடம் நானும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறேன். ஆனால் இரண்டு திருத்தங்கள் உண்டு.

டென்மார்க் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் இதயம் மாரடைப்பால் கெட்டதன்று. வேறு காரணங்களால் தசை பலவீனமடைந்தவர்கள் அவர்கள். அங்கேயும் திடீர் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; ஆனால் மற்றக் காரணங்களால் நேரும் இறப்பு மிகுதியாக இருந்ததால் மொத்தக் கணக்கில் அது தெரியவில்லை. இளைய வயதினருக்குப் பயன் இருந்தது. இந்த அம்மாவின் தந்தைக்கு ஒப்பிட வேண்டியது 2002இல் வந்த ஆய்வு. பழைய மாரடைப்பும் 30 சதவீதத்துக்கு மிகாத பம்பிங்கும் உள்ள 1,232 பேரைச் சராசரியாக 20 மாதங்கள் பார்த்ததில், கருவி இல்லாதவர்களில் 19.8 சதவீதமும் கருவி பெற்றவர்களில் 14.2 சதவீதமும் இறந்தார்கள். வெறும் 20 மாதத்தில் இந்த இடைவெளி விழுந்திருக்கிறது. காலம் நீள நீளப் பயனும் கூடும் என்பதால், 61 வயதுக்காரருக்கும் 85 வயதில் சிறுநீரகமும் கெட்டுப் படுத்திருப்பவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது.

இரண்டாவது திருத்தம் காலத்தைப் பற்றியது. மாரடைப்பு வந்து 40 நாளுக்குள் ஐ.சி.டி. வைப்பதால் மொத்த இறப்பு குறையவில்லை என்று 2004இலேயே ஒரு ஆய்வு காட்டிவிட்டது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 90 நாள் பொறுக்கச் சொல்கிறோம். அந்த இடைவெளியில் மருந்துகளைப் படிப்படியாக உச்ச அளவுக்குக் கொண்டு போய், பிறகு மறுபடி எக்கோ எடுத்து, பம்பிங் 35 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு ஏறிவிடும், கருவியே தேவைப்படாது. அம்மா, தை மாத எக்கோவுக்கு முன்பே எல்லா மருந்துகளும் முழு அளவில் போய்க்கொண்டிருந்தனவா? இதயச் செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துத் தருவதுதான் முறை. சீட்டில் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி ஐயா. சீட்டில் மூன்றுதான் இருந்தன. இரத்த அழுத்தம் தாழ்வாக இருந்ததால் அவற்றிலும் ஒன்றை மிகச் சிறிய அளவில்தான் கொடுத்து வந்தார்கள். நான்காவதைத் தையில்தான் சேர்த்தார்கள். இதைக் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

சுவடி எழுதியது:

இந்தத் தம்பி கேட்ட கேள்வியை 1960களில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே கேட்டு, நேர்மாறான இரண்டு விடைகளைக் கண்டார்கள் என்பதால் ஒரு சிறிய வரலாற்றுக் குறிப்பு.

முதலாமவர் அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம்–பர்மா இரயில் பாதையில் அடிமை வேலை செய்தவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே பாதைதான். பெரிபெரி நோயால் இதயம் பாதிக்கப்பட்டு, எலும்பும் தோலுமாக மீண்டு வந்தார். பெல்ஃபாஸ்டின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பணியாற்றுகையில், இதய நிறுத்தத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலை எட்டுவதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள் என்பதைக் கண்டு, நோயாளி வரும்வரை காத்திராமல் கருவியே நோயாளியிடம் போகட்டும் என்று முடிவு செய்தார். 1965இல் கார் மின்கலங்களால் இயங்கும் ஒரு டிஃபிபிரிலேட்டரை, அதாவது இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை, ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை 70 கிலோ. சில ஆண்டுகளிலேயே அதை 3 கிலோவை ஒட்டிக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்கா இந்த முறையை உடனே எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் எல்லா ஆம்புலன்ஸ்களுக்கும் கருவி வந்து சேர 1990 ஆயிற்று. இன்று சுவரில் தொங்கும் பெட்டி இந்த விடையின் பேரப்பிள்ளை.

இரண்டாமவர் மிஷேல் மிரோவ்ஸ்கி. வார்சாவில் பிறந்த யூதர். 1939இல் பதினைந்து வயதுச் சிறுவனாக வீட்டைவிட்டு ஓடித் தப்பியவர். இஸ்ரேலில் அவருடைய ஆசானாக இருந்த ஹாரி ஹெல்லருக்குக் கீழறைத் துடிப்புத் தாறுமாறாகும் நோய் அடிக்கடி வந்தது. மருத்துவமனையிலேயே காலமெல்லாம் படுத்திருந்தால் காப்பாற்றலாம். ஆனால் யாரால் அப்படி இருக்க முடியும்? 1966இல் ஹெல்லர் இறந்தார். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லாத இடத்தில் நோயாளி இருக்கக்கூடும் என்பதால், கருவியை அவர் உடலுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்பது மிரோவ்ஸ்கியின் விடை. பால்டிமோரின் சினாய் மருத்துவமனையில் மார்ட்டன் மோவருடன் சேர்ந்து உழைத்தார். நேர்மின்னோட்ட டிஃபிபிரிலேட்டரை 1962இல் உலகுக்குத் தந்த பெர்னார்ட் லவுன் போன்ற பெரியவரே இந்த யோசனையை 1972இல் அச்சில் கடுமையாகச் சாடினார். எனினும் 1980 பிப்ரவரி 4 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லீவை வாட்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர் முதல் கருவியை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார். அன்று மார்பைத் திறந்து இதயத்தின் மேல் தகட்டைத் தைத்து, கருவியை வயிற்றுச் சுவரில் புதைக்க வேண்டியிருந்தது. அமெரிக்க அரசின் ஒப்புதல் 1985இல் கிடைத்தது.

லவுனின் எதிர்ப்பை வெறும் பொறாமை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்குத் தேவை என்று முன்கூட்டியே கண்டறிய வழியில்லாதபோது எல்லோர் உடலிலும் கருவி வைப்பதா என்பது அவருடைய கவலைகளில் ஒன்று. கணக்கு வாத்தியாரின் 7 பேர் கணக்கு அதே கவலையின் இன்றைய வடிவந்தான்.

மின்தேக்கி எழுதியது:

நான் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளன். ஒயர்மேனாக இருந்த பெரியவருக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறேன்: இந்தத் துறையே மின்கம்பத் தொழிலாளர்களால்தான் வளர்ந்தது. 1920களில் அமெரிக்க மின் நிறுவனங்கள், கம்பத்தில் அதிர்ச்சி தாக்கி இறக்கும் தங்கள் தொழிலாளர்களைக் காக்க வழி தேடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முதலிய இடங்களின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. அங்கே இருந்த வில்லியம் கூவென்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். ஓர் அதிர்ச்சி நடுங்க வைத்த இதயத்தை இன்னோர் அதிர்ச்சி நிலைப்படுத்தும் என்பதை நாய்களிடம் காட்டிய குழுவில் அவரும் ஒருவர். மார்பை வெளியிலிருந்து கையால் அழுத்தியே இரத்தத்தை ஓட்டலாம் என்று 1960இல் அறிவித்ததும் அவரும் அவருடைய கூட்டாளிகளுந்தான்.

அதிர்ச்சி கொடுத்தால் நின்ற இதயம் ஓடத் தொடங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். திரைப்படங்களில் இ.சி.ஜி. கோடு நேராகப் போனவுடன் மருத்துவர் ஷாக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது. நேர்கோட்டுக்கு ஷாக் பயன்படாது. நடுங்கும் இதயத்தில் கோடிக்கணக்கான செல்கள் ஆளுக்கொரு நேரத்தில் மின்னோட்டம் விடுகின்றன. அதிர்ச்சி அவை அனைத்தையும் ஒரே கணத்தில் அடக்குகிறது. அந்த அமைதியில் இதயத்தின் இயல்பான துடிப்பு முடிச்சு மறுபடி தலைமை ஏற்கிறது. ஏ.இ.டி. இந்த வேறுபாட்டைத் தானே கண்டுகொள்ளும். பேட் இரண்டையும் மார்பில் ஒட்டியவுடன் துடிப்பைப் படித்து, ஷாக் தேவையில்லை என்றால் நீங்கள் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் கொடுக்காது. ஆகவே தெரியாமல் கொன்றுவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம்.

வெளியிலிருந்து கொடுக்கும்போது தோல், கொழுப்பு, எலும்பு, நுரையீரல் எல்லாவற்றையும் கடக்க வேண்டியிருப்பதால் பெட்டி பொதுவாக 150 முதல் 200 ஜூல் வரை செலுத்துகிறது. உள்ளே இருக்கும் ஐ.சி.டி.யின் ஒயர் இதயத்துக்குள்ளேயே கிடப்பதால் 35, 40 ஜூலே அதற்கு உச்ச அளவு. மூன்று வோல்ட்டை ஒட்டிய ஒரு சிறிய லித்தியம் மின்கலத்திலிருந்து கெபாசிட்டரை 700, 800 வோல்ட் வரை ஏற்றிச் சில மில்லிநொடிகளில் வெளியேற்றுகிறது. துடிப்பு தாறுமாறாகிப் பத்துப் பதினைந்து நொடிகளில் இவ்வளவும் நடந்து முடிந்துவிடும். வீட்டில் யாரும் இருக்க வேண்டியதில்லை. கம்பம் ஏறிய பெரியவருக்கு இதைவிட விளக்கம் தேவைப்படாது.

செங்காந்தள் எழுதியது:

நான் ஐ.சி.டி.யோடு வாழ்பவள். பேறுகாலத்துக்குப் பிறகு இதயம் பலவீனமாகி, ஒருமுறை துடிப்பு நின்று மீட்கப்பட்டவள் என்பதால் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. உங்கள் தந்தை முடிவு எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். மருத்துவமனையில் இவற்றை அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

எல்லாத் தாறுமாறுக்கும் கருவி ஷாக் கொடுப்பதில்லை. முதலில் துடிப்பைவிடச் சற்று வேகமாகச் சிறு தூண்டல்களை அனுப்பி அடக்கப் பார்க்கும். பெரும்பாலும் அது நமக்குத் தெரியவே தெரியாது. அடங்காவிட்டால்தான் ஷாக். நினைவோடு இருக்கும்போது அதை வாங்கினால் மாடு நெஞ்சில் உதைத்தது போல இருக்கும். எனக்கு ஒருமுறை கொடியில் துணி காயப்போடும்போது அடுத்தடுத்துப் பல ஷாக் வந்தன. இதயத்தில் ஒன்றுமே இல்லை. தோளெலும்புக்கு அடியில் ஒயர் முறிந்து, அதிலிருந்து வந்த இரைச்சலைக் கருவி கீழறை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றினார்கள். அதன் பிறகு நெடுநாள் வரை கையைத் தூக்கவே பயந்தேன். இன்று ஒயர் இதயத்துக்குள் போகாமல் தோலுக்கடியில் மட்டும் ஓடும் வகையும் இருக்கிறது. ஆனால் அது அந்தச் சிறு தூண்டல்களைத் தராது, இதயத்துக்கு நீடித்த பேஸ்மேக்கராகவும் இயங்காது. தேவையில்லாத ஷாக் வருவதும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. கருவி உடனே பாயாமல் சற்றுப் பொறுக்கும்படி நிரல் அமைத்தால் குறையும் என்று 2012இல் ஒரு ஆய்வு காட்டிய பிறகு மருத்துவர்கள் அப்படித்தான் அமைக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

அன்றாட வாழ்க்கையில் பெரிய தொல்லை இல்லை. மிக்சி, கிரைண்டர், தொலைக்காட்சி எல்லாம் பயன்படுத்துகிறேன். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் எரிவாயு அடுப்புக்கே திரும்பிவிட்டேன். கைப்பேசியைச் சட்டையின் இடப் பையில் வைக்கக் கூடாது, அதிலும் பின்புறம் காந்தம் உள்ள புதிய வகைகளைக் கூடவே கூடாது. வெல்டிங் வேலையைத் தவிர்க்க வேண்டும். மின்கலம் தீரும்போது, பொதுவாக ஏழிலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை, கருவியை மாற்ற வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் போன்ற வேறு ஏதாவது நோயால் ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது, ஷாக் கொடுக்கும் வசதியை மட்டும் நிறுத்திவிடலாம். அறுவை தேவையில்லை, வெளியிலிருந்தே நிரலை மாற்றுவார்கள். அதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல், சாகும் தறுவாயிலும் ஷாக் வாங்கியவர்கள் உண்டு. மேலும், எரியூட்டும் முன் கருவியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெப்பத்தில் வெடிக்கும். மின் மயானத்திலும் சரி, விறகிலும் சரி, அருகில் நிற்பவர்களுக்கு ஆபத்து. என் கணவரிடம் எழுதியே கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஈசூன்_வாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டுக்கு ஒரு பெட்டி என்பதை விட்டுவிட்டு, இரண்டு வீவக புளோக்குகளுக்கு (அரசு கட்டிய அடுக்குமாடிகளுக்கு) ஒரு பெட்டி என்று மின்தூக்கி முகப்பில் வைத்தார்கள். 2015 முதல் கைப்பேசிச் செயலி ஒன்றும் இருக்கிறது. இங்குள்ள ஆம்புலன்ஸ் எண்ணான 995க்கு அழைப்பு வந்தவுடன், அருகில் இருக்கும் தொண்டூழியர்களுக்கு அது தகவல் அனுப்பி, பக்கத்தில் எங்கே ஏ.இ.டி. இருக்கிறது என்பதையும் காட்டும். அழைப்பை எடுப்பவர் தொலைபேசியிலேயே மார்பு அழுத்தத்தை எண்ணி எண்ணிச் செய்ய வைப்பார். மருத்துவர் ஐயா சொன்ன கண்ணும் காலும் பெட்டிக்கு இப்படித்தான் கிடைக்கின்றன. அந்த அமைப்பு இல்லாத ஊரில் பெட்டியை மட்டும் வாங்குவதால் எவ்வளவு பயன் என்பது எனக்கும் ஐயந்தான்.

மாடித்தோட்டம் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் அடுக்ககச் சங்கத்தைப் பற்றிக் கேட்கிறேன். நன்கொடையாக வந்த ஏ.இ.டி. ஒன்று செயலாளர் அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. திருடு போகும் என்கிறார்கள். யாராவது எடுத்துப் பயன்படுத்தி அவர் இறந்துவிட்டால் வழக்கு வருமா என்றும் பயப்படுகிறார்கள்.

மின்தேக்கி எழுதியது:

பூட்டிய பெட்டி இல்லாத பெட்டிதான். சிகாகோ விமான நிலையங்களில் 1999 முதல் கருவிகளை எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒன்றரை நிமிட நடைக்குள் எட்டும்படி வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கீழறை நடுக்கம் வந்த 18 பேரில் 11 பேர் மீண்டார்கள். அந்த 11 பேரைக் காப்பாற்றியவர்களில் 6 பேர் அதற்கு முன் ஏ.இ.டி.யைப் பயன்படுத்தியோ பயிற்சி பெற்றோ இராதவர்கள். அவர்களில் மூவர் மருத்துவம் படித்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு கிடைத்தவர்களில் 49 சதவீதம். இவ்வளவு உயர்ந்த எண் வந்ததற்கு ஒரு காரணம், விழுபவரை உடனே காட்டும் கேமராக்கள் அங்கே இருந்தது.

உங்கள் அடுக்ககத்தில் இரவும் பகலும் விழித்திருப்பவர் காவலாளி. பெட்டி அவர் கண்ணெதிரே, பூட்டில்லாமல், திறந்தால் மணி அடிக்கும்படி இருக்கட்டும். பேட்களுக்கும் மின்கலத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. பேடின் பசை உலர்ந்துவிட்டால் கருவி எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. தயார்நிலை விளக்கை மாதம் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட ஓர் ஏடு வையுங்கள். பெட்டிக்குள் ஒரு சவரக்கத்தியும் துண்டும் போட்டு வையுங்கள். வியர்வையும் அடர்ந்த முடியும் பேடை ஒட்ட விடாது.

வழக்குரைஞர்_நெல்லை எழுதியது:

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, வாகன விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைத்தான் காக்கிறது. அடுக்ககத்தில் மயங்கி விழுந்தவரைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் இசைவு தர முடியாத நிலையில் இருக்கும் ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 92ஆம் பிரிவாக இருந்தது. சங்கத்தின் அச்சத்துக்கு இதுவே போதிய மறுமொழி. ஏ.இ.டி.யையும் இதய நிறுத்தத்தையும் பெயர் சொல்லிக் காக்கும் தனிச் சட்டம் வந்தால் நல்லது என்பது வேறு விஷயம்.

மருந்துமலை எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். இதயம் நின்றவுடன் மூளைக்கு இரத்தம் போகாததால் சிலருக்குக் கை கால் சில நொடிகள் வெட்டி இழுக்கும். நம் ஊரில் உடனே வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிக்கிறார்கள். வேறு சிலருக்கு வாயைத் திறந்து இடைவிட்டு இடைவிட்டு ஏங்கும் ஒரு மூச்சு இருக்கும். மூச்சு இருக்கிறதே என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், அதை இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொண்டு 108க்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். காவலாளிக்கு முதலில் கற்பிக்க வேண்டியது பெட்டியைவிட இதைத்தான்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்பாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். மின்கம்பத் தொழிலாளர்கள் பற்றிய பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். வாத்தியார் ஐயாவின் கணக்கைக் கேட்டுவிட்டு, "அந்த ஏழில் நான் இருக்கிறேனா என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார், பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவரிடம் பேசினோம். நான்காவது மருந்து தொடங்கி மூன்று மாதம் நிறைந்ததும், சித்திரை முடிவில் மறு எக்கோ எடுக்கலாம். 35க்கு மேல் வந்தால் கருவி வேண்டாம், வராவிட்டால் பொருத்திக்கொள்ளலாம் என்று அப்பா இசைந்திருக்கிறார். அதுவரை நானும் தம்பியும் அம்மாவும் மார்பு அழுத்தம் கற்றுக்கொள்ளப் போகிறோம். பெட்டி வாங்கும் பேச்சைத் தம்பி இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறான்.

அப்பா கேட்கச் சொன்ன ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். கருவியை வலப்பக்கம் வைக்க முடியுமா?

மருந்துமலை எழுதியது:

முடியும், ஆனால் வேறு வழியில்லாதபோதுதான் வைப்போம். இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால், கருவி இடத்தோளில் இருக்கும்போது மின்னோட்டம் கருவிக்கும் ஒயருக்கும் இடையே இதயத்தை நன்றாகக் குறுக்கிட்டுப் போகிறது. வலப்பக்கம் வைத்தால் அதே வேலைக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படலாம். இடக்கைப் பழக்கம் இதற்குத் தடையன்று. பொருத்திய பிறகு நான்கு முதல் ஆறு வாரம் இடக்கையைத் தோள் மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது, கனமான எதையும் அந்தக் கையால் இழுக்கக் கூடாது. கிணற்றுக் கயிறும் நிறைந்த தண்ணீர் வாளியும் அதில் சேரும். அதற்காகக் கையை அசைக்காமலே கட்டி வைத்துக்கொண்டாலும் தோள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எனவே தோள் மட்டத்துக்குக் கீழே வழக்கம்போல் ஆட்டிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். எக்கோ முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.